துறந்ததும் வெறுத்ததும்

சென்ற ஆண்டு ஒரு முதல் வெள்ளியன்று நோயுற்றோருக்கு நற்கருணை வழங்கிவிட்டுக் கடற்கரைத் தெரு வழியே திரும்புகையில், ஒரு வீட்டுத் திண்ணையிலிருந்து 'சுராங்கனி' ஒலித்தது. தோணித் தொழிலை விட்டு ஓய்ந்திருந்த பெரியவர் ஒருவர் பேரனின் கைப்பேசியில் அதனைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வயதைக் கடந்த பங்குத்தந்தையின் கால்கள் தாளத்திற்கு அசைய முற்பட்டதை மறைப்பதற்கில்லை.

என் வயதினருக்கு அப்பாடலை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 2018-இல் மறைந்த ஏ. ஈ. மனோகரனை நாம் 'சிலோன் மனோகர்' என்றே அழைத்தோம். இலங்கை வானொலி அவர் குரலைக் கடல் கடந்து எங்கள் வீடுகளுக்குக் கொண்டுவந்தது. சிங்களமும் தமிழும் கலந்த அப்பாடலில் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. சுராங்கனி என்னும் பெண்ணுக்கு மீன் கொண்டுவந்த செய்திதான். கடற்கரைப் பிள்ளைகளுக்கு அதுவே போதுமானதாயிருந்தது. 1970-களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் இளைஞர் 'பங்க்' என்னும் முரட்டிசையால் பெரியோரை அதிரவைத்தனர் என்று பின்னாளில் படித்தேன். எங்கள் கலகம் அத்துணைப் பெரிதன்று; செபமாலை வேளையில் வானொலியை நிறுத்த மறுத்ததோடு அது முடிந்தது.

என் தந்தையார் பல ஆண்டுகள் கொழும்புக்குத் தோணியில் சென்று வந்தவர். அப்பாடலின் சிங்கள வரிகளைப் பிழையின்றிப் பாடுவார், பொருளும் சொல்லுவார்.

1983 ஜூலை 26 அன்று, வழக்கம்போல் பனிமய அன்னையின் திருவிழாக் கொடி ஏறியது. அதற்கு இரு நாள் முன்பே கொழும்பில் தமிழர் மீதான வன்முறை மூண்டிருந்தது. வீடுகளும் கடைகளும் எரிந்துகொண்டிருந்தன. எனக்கு வயது பதினைந்து. செய்திகள் வர வர நெஞ்சு கொதித்தது. அக்கொதிப்பு தவறென்று இன்றும் சொல்லமாட்டேன். ஆயின் சில நாள் கழித்துத் தந்தையார் தம்மையறியாமல் அப்பாடலை முணுமுணுத்தபோது, "அந்தப் பாஷையில இனி இந்த வீட்டில யாரும் பாடக்கூடாது" என்று கத்தினேன். அவர் மறுமொழி கூறவில்லை. அதன்பின் என் காதுபட அவர் பாடியதே இல்லை. இறக்கும்வரை.

இரண்டு ஆண்டுகளில் குருமடம் சேர்ந்தேன். உலக இசையை ஆண்டவருக்காகத் துறந்துவிட்டேன் என்று ஆன்ம குருவிடம் சொன்னேன், அவரும் மகிழ்ந்தார். செவியின்பத்தைக் குறித்துப் புனித அகுஸ்தினார் தம் அறிக்கை நூலின் பத்தாம் பாகத்தில் தடுமாறுவதைப் படித்தபோது என் முடிவு உறுதிப்பட்டது. அவரோ அவ்வின்பத்திற்கு அஞ்சியதோடு, திருச்சபையின் பாடல்களைக் கேட்டுத் தாம் சிந்திய கண்ணீரையும் மறவாமல் எழுதினார். நான் அச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

துறவு என்பது நல்லதொன்றை அதனினும் மேலான அன்பிற்காகக் கையளிப்பது என்று இறையியல் வகுப்பில் எழுதித் தேர்ந்தவன் நான். என் கையில் இருந்ததோ ஏற்கெனவே கசந்துபோன பொருள். குருடும் நொண்டியுமான விலங்குகளைப் பலியிட்டதற்காக இறைவாக்கினர் மலாக்கி கடிந்துகொண்டது குருக்களைத்தான். மறையுரையில் அதனை நாங்கள் மக்கள் பக்கம் திருப்பிவிடுவது வழக்கம். என் வெறுப்புக்குத் திருவுடை அணிவித்து, நாற்பது ஆண்டுகள் அதனைத் தவமென்று எண்ணியிருந்தேன்.

அதுவும் எத்தகைய பாட்டின் மீது! பைலா என்னும் அவ்வகை இசையின் பெயரே நடனத்தைக் குறிக்கும் போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து வந்தது. போர்ச்சுகீசியரும், அவர்களோடு வந்த ஆப்பிரிக்கரும் இலங்கையில் விட்டுச்சென்ற தாளம் அது. அதே போர்ச்சுகீசியர் காலத்தில்தான், 1535-க்கும் 1537-க்கும் இடையில், முத்துக்குளித்துறைப் பரதவர் திருமுழுக்குப் பெற்றனர். 1542-இல் புனித சவேரியார் வந்தார். எங்கள் திருமுழுக்குப் பதிவேட்டை நிறைக்கும் பர்னாந்து என்னும் பெயர் நீர்கொழும்பின் சிங்களக் கத்தோலிக்கரிடையேயும் உண்டு. நான் அந்நியமென்று விலக்கியது எங்கள் பெயர்களோடு ஒரே கடல்வழியில் வந்த உறவு.

அவ்வுறவு 1983-ஐத் தடுக்கவில்லை என்பதும் உண்மை. எரித்தவர்களை மன்னிப்பது எரிக்கப்பட்டோரின் உரிமை. அவர்கள் சார்பில் நான் மன்னிக்க முடியாது. என் வழக்கு சிறியது. கொழும்பில் தீ வைத்தவனுக்கு என் கோபம் எட்டவில்லை. அருகிலிருந்த என் தந்தைக்கு எட்டிவிட்டது.

ஒப்புரவு அருட்சாதனத்தில் இதனை அறிக்கையிட்டேன். தீங்கிழைத்தவருக்கு ஈடு செய்ய வேண்டும் என்று பிறருக்குச் சொல்பவன், இறந்துபோனவருக்கு எதனை ஈடாகத் தருவது? விடை கிடைக்காமலே மறுவாரம் அத்திண்ணைக்குச் சென்றேன்.

"அண்ணாச்சி, அந்தச் சிங்கள வரிகளை எனக்குச் சொல்லித் தாங்க."

"சாமிக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று சிரித்தார். ஆயினும் நகர்ந்து இடம் கொடுத்தார். இரண்டு சொற்களில் என் உச்சரிப்பைத் திருத்தினார். மூன்றாவது இன்னும் எனக்குச் சரியாக வரவில்லை.