கணுக்கால் அளவு

மதீனாவில் ஹர்ரா என்னும் கருங்கல் பூமியிலிருந்து மழைநீர் வாய்க்கால் வழியே இறங்கி வரும். அவ்வாய்க்காலின் மேற்புறம் ஜுபைர் (ரலி) அவர்களின் பேரீச்சந்தோட்டம். கீழ்ப்புறம் அன்சாரித் தோழர் ஒருவரின் தோட்டம். நீரைத் தேக்காமல் விட்டுவிட வேண்டும் என்று கீழ்த்தோட்டத்தார் கேட்க, ஜுபைர் மறுத்தார். வழக்கு பெருமானார் (ஸல்) அவர்களிடம் சென்றது. பாய்ச்சிக்கொண்டு அண்டையாருக்கு விட்டுவிடுமாறு முதலில் இணக்கமாகவே கூறினார்கள். ஜுபைர் உங்கள் அத்தை மகன் அல்லவா என்று அன்சாரி குத்திக் காட்டினார். பெருமானாரின் திருமுகம் நிறம் மாறிற்று. தண்ணீர் வரப்பின் அடியை எட்டும்வரை தேக்கிக்கொண்டு பிறகே விடலாம் எனத் தீர்ப்பாயிற்று. பின்வந்தோர் அதனை மதிப்பிட்டு, கணுக்கால் அளவு என்று குறித்தனர்.

இந்த ஹதீஸை நடத்தும்போதெல்லாம், முறையிட்டவருக்கே நஷ்டமா என்று மாணவர்கள் கேட்பார்கள். நம் உள்ளம் வேறிடத்தில் நிற்கும். முன்னர்ச் சொன்னது விட்டுக்கொடுத்தல். பின்னர்ச் சொன்னது உரிமை. அந்த முழு உரிமைக்கும் ஓர் எல்லை இருந்தது. மேலே இருப்பவன் என்பதற்காக நீர் முழுவதும் அவனுடையதாகிவிடவில்லை.

காவிரிக்கும் இப்படியோர் அளவு உண்டு. கர்நாடகம் தரும் நீர் பிலிகுண்டுலுவில் அளக்கப்படுகிறது. நடுவர் மன்றம் 2007இல் ஆண்டுக்கு 192 டி.எம்.சி. என்றது, 16.2.2018 அன்று உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆகக் குறைத்தது. ஆற்றை எந்த மாநிலமும் தனக்கே உரியதெனக் கொள்ளலாகாது என்றும் சொல்லிற்று. மாதவாரிக் கணக்கும் உண்டு. ஆகஸ்டுக்கு மட்டும் 45.95 டி.எம்.சி. இதைக் கண்காணிக்க அவ்வாண்டு ஜூனில் மத்திய அரசு மேலாண்மை ஆணையத்தை அமைத்தது.

மழை பெய்தால் ஆணையத்துக்கு வேலை குறைவு. 2024 ஜூலை இறுதியில் மேட்டூர் நிரம்பியபோது யாரும் கணக்குக் கேட்கவில்லை. 2023இல் பருவமழை பொய்த்தது. பதினைந்து நாட்களுக்கு வினாடிக்கு 5,000 கன அடி விட ஆணையம் பணித்தது. உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. ஏன் கொடுக்க வேண்டும் என்று மாண்டியாவில் மறியல். இதுதானா பங்கு என்று தஞ்சையில் குமுறல். அத்தை மகன் என்ற சொல் இரு கரையிலும் கேட்டது.

இதில் ஆணையத்தை மட்டும் குறை கூறுவதற்கில்லை. பற்றாக்குறையை விகிதப்படி பகிர வேண்டும் என்பது தீர்ப்பு. அந்த விகிதத்தை எவ்வாறு கணக்கிடுவது என்பதில் இரு மாநிலங்களும் உடன்பட்டிருக்கவில்லை. வரப்பு கண்ணெதிரே இருந்ததால் மதீனாவில் அளவைப் பற்றி வழக்கு எழவில்லை. இங்கே வறட்சி வந்த பிறகு வரப்பைத் தேடினார்கள்.

ஷாபிஈ மத்ஹபின் நூல்களில் இன்னொரு சட்டம் காண்கிறோம்: முன்பே பாசனம் பெற்று வந்தோருக்கு நெருக்கடி உண்டாகுமானால், மேலே புதிதாக நிலம் திருத்துவோனைத் தடுக்கலாம். டெல்டாவில் வாழும் நமக்கு இது இனிக்கிறது. இனிப்பதாலேயே சற்று அஞ்சவும் செய்கிறோம்.

ஏனெனில், அதே வறட்சியில் நம் ஊர் வாய்க்காலிலும் முறை வைத்துத்தான் தண்ணீர் விட்டார்கள். ஓரிரவு மேல்மடைக்காரர் ஒருவர் தம் முறை முடிந்தும் மடையைத் திருப்பவில்லை. கடைமடையில் குறுவை கருகிக்கொண்டிருந்தது. காவிரிக்காக அன்று காலைதான் மறியலில் அமர்ந்து வந்தவர் அவர். பேசித் தீர்க்க நம்மையும் அழைத்திருந்தார்கள். ஜுபைர் (ரலி) அவர்களின் வழக்கைச் சொல்லி, கணுக்கால் அளவையும் சொன்னோம்.

“அது மதீனா, ஹஜ்ரத்” என்றார்.

மறுநாள் அஸருக்குப் பிறகுதான் மடை திரும்பிற்று.