கதையில் எந்தச் சுவரை எடுக்கலாம்?



இன்னொருவர் எழுதிய கதையை நாம் மாற்றலாமா? அதுவும் சிறுவர்கள் படிக்கும் கதையை?

அமெரிக்காவில் சிலர் பழைய சிறுவர் நாவல்களைப் படக்கதைகளாகத் திரும்ப எழுதுகிறார்கள். ஒரே பாலினத்தவரை நேசிக்கும் மனிதர்களுக்கும் அதில் இடம் தருகிறார்கள். 2019-இல் வந்த 'மெக், ஜோ, பெத் அண்ட் ஏமி', ஆல்காட்டின் 'லிட்டில் விமன்' கதையை இன்றைய நியூயார்க்கில் நடத்துகிறது. அதில் ஜோவுக்குப் பெண்கள் மீதுதான் ஈர்ப்பு. 2021-இல் வந்த 'தி சீக்ரெட் கார்டன் ஆன் 81ஸ்ட் ஸ்ட்ரீட்'டில் மேரியின் மாமா பறிகொடுத்தது மனைவியை இல்லை, கணவரை.

"மூலக்கதையைக் கெடுத்துட்டாங்க" என்று சிலருக்குக் கோபம்.

நான் படிப்பது சிவில் இன்ஜினியரிங். பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கும்போது முதலில் கேட்பது இதைத்தான்: எது பாரம் தாங்கும் சுவர், எது வெறும் தடுப்புச் சுவர்? தடுப்பை எடுக்கலாம். பாரம் தாங்குவதைத் தொட்டால் கூரையே விழும். கதைக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

1911-இல் வந்த 'சீக்ரெட் கார்டன்' எதன் மேல் நிற்கிறது? துக்கத்தில் ஒருவர் தோட்டத்தையும் மனசையும் பூட்டி வைக்கிறார். ஒரு சிறுமி திறக்கிறாள். இறந்தவர் கணவர் என்று ஆனதால் அந்தத் துக்கம் குறையவில்லை. சுவர் அப்படியே நிற்கிறது.

இன்னொன்று. மூலத்தில் மேரி இந்தியாவில் வளர்ந்த ஆங்கிலேயச் சிறுமி. அங்குள்ள வேலைக்காரர்களை மனிதராகவே மதிக்காமல் பேசுவாள். புதிய கதையில் அவள் சிலிக்கன் வேலியிலிருந்து வருகிறாள். அந்தப் பேச்சு இல்லை. அதற்காக நம்மில் யாராவது வருத்தப்படுவோமா? மாட்டோம். அப்படியென்றால் 'மாற்றவே கூடாது' என்பது நம் கொள்கை இல்லை. எதை மாற்றலாம் என்பதில்தான் தகராறு.

ஜோவின் கதை கொஞ்சம் சிக்கல். அவள் கல்யாணம் செய்யாமல் எழுத்தாளராகவே இருக்க வேண்டும் என்றுதான் ஆல்காட் நினைத்தார். 1868-இல் முதல் பாகம் வந்ததும், அவளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள் என்று வாசகிகள் கடிதம் மேல் கடிதம் போட்டார்கள். 1869-இல் ஒரு பேராசிரியரைக் கட்டி வைத்தார். ஆக, அந்தக் கல்யாணம் தடுப்புச் சுவர்தான். ஆனாலும் எனக்கு ஒரு குறை உண்டு. யாரையும் காதலிக்காமல் தனியாக வாழ நினைக்கும் பெண்ணும் கதைகளில் அபூர்வம். அவளுக்கும் ஒரு புத்தகம் வேண்டும்.

நமக்கு இது புதுசா என்ன? வால்மீகியில் இராவணன் சீதையைப் பிடித்துத் தூக்கிப் போகிறான். கம்பர் அதை அப்படியே எழுதவில்லை. பர்ணசாலையோடு நிலத்தையே பெயர்த்துப் போவதாகப் பாடினார். அதனால் வால்மீகி அழியவில்லை. இரண்டையும் வைத்திருக்கிறோம்.

பெற்றோரின் கவலையைச் சிரித்துத் தள்ளக்கூடாது. வயதுக்கு ஏற்றதா என்று பார்ப்பது அவர்கள் கடமை. ஆனால் அதே அளவுகோலை இளவரசன் இளவரசி கதைக்கும் வைக்கணும், இல்லையா?

நம் முகாம்களிலும் இதைப் பற்றிக் கேலி வரும். எல்லாரும் சிரிக்கும்போது ஒருத்தர் மட்டும் சிரிக்காமல் தலைகுனிந்து இருக்கலாம். அவரைக் கூரைக்கு வெளியே நிறுத்தச் சொல்லும் தர்மம் எது? யோசித்துச் சொல்லுங்க.