மன அமைதியும் ஆக்கத்திறனும்

மானிடப் பிறவியின் சிறப்பு மனத்தினால் அமைவது. புதியதொன்றைச் சிந்திக்கவும் ஆக்கவும் வல்லது அம்மனமே. எனினும் ஓயாது அலைகின்ற மனத்தில் புதிய எண்ணம் உதிப்பது அரிது. இதனாலேயே ஆன்றோர் மனவடக்கத்தைப் பெரிதும் போற்றினர். ஆயின், உழைக்க வேண்டிய நேரத்தில் கண்மூடி அமர்ந்திருப்பது சோம்பல் ஆகாதா என்ற வினா எழுதல் இயல்பே.

யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் இதற்கு விடை அறிவர். கோடையில் தொடர்ந்து இறைத்தால் கிணறு வற்றிவிடும். அப்போது இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சற்றுப் பொறுத்திருப்பர். நீர் மீண்டும் ஊறும். அந்தப் பொறுத்திருத்தல் சோம்பல் அன்று, தொழிலின் ஒரு பகுதியே. அதேவேளை, இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும் என்பதும் அவர்கள் அறிந்த பழமொழியாகும். உழைப்பு, ஓய்வு ஆகிய இரண்டும் சேர்ந்தே ஊற்றைக் காக்கின்றன.

அறிஞர் வாழ்விலும் இவ்வுண்மையைக் காணலாம். பிரான்சு நாட்டுக் கணித மேதை புவாங்கரே (1854 - 1912) ஒரு கணக்கில் நெடுநாள் முயன்றும் விடை காணாது சலித்துப்போனார். அதனை விட்டுச் சில நாட்களைக் கடற்கரையில் கழிக்கச் சென்றார். அங்கு ஒருநாட் காலை உலாவிக்கொண்டிருக்கையில், தேடிய விடை திடீரெனத் தோன்றியது. இந்நிகழ்ச்சியைப் பிற்காலத்தில் அவரே எழுதிவைத்தார். முன்னர் வருந்தி உழைத்தவனுக்கே இத்தகைய ஒளி கிட்டும் என்றும், கிட்டியதைப் பின்னர் உழைத்தே சரிபார்க்க வேண்டும் என்றும் அவர் தெளிவாகக் கூறியுள்ளார்.

கணித மேதை இராமானுஜன் (1887 - 1920) தமது கண்டுபிடிப்புகளை நாமக்கல் நாமகிரித் தாயாரின் அருள் என்றே கருதினார். ஆனால் அவ்வருளுக்குப் பாத்திரமாகும்படி இரவு பகலாகச் சிலேற்றில் எழுதி எழுதி அழித்தவரும் அவரே.

ஈழத்துச் சித்தர் யோகர் சுவாமிகள் (1872 - 1964) நல்லூர்த் தேரடியில் செல்லப்பா சுவாமிகளுக்கு ஆட்பட்டு, பின்னர் கொழும்புத்துறையில் தவவாழ்வு வாழ்ந்தவர். அவர் திருவாயிலிருந்து தாமாகவே பெருகிய பாடல்களை அடியார்கள் எழுதிக்கொண்டனர். அவையே 'நற்சிந்தனை' எனத் தொகுக்கப்பட்டுள்ளன. 'சும்மா இரு' என்ற உபதேசம் சோம்பியிரு என்பதன்று. நான், எனது என்னும் ஆரவாரம் அடங்கி இரு என்பதே அதன் பொருளாம்.

அஞ்சியும் அவசரப்பட்டும் இருக்கும் மனம் ஒன்றையே பற்றிக்கொண்டு தடுமாறும். அமைதியுற்ற மனத்திலோ தொலைவில் கிடந்த எண்ணங்களும் ஒன்றையொன்று வந்து சேரும். மனிதன் ஒரு குறிப்பிட்ட வேலையிலும் ஈடுபடாது ஓய்ந்திருக்கும் வேளையிலும் மூளையின் சில பகுதிகள் சுறுசுறுப்பாக இயங்குகின்றன என்பதை 2001ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் விளக்கினர்.

ஆயினும் புதுமை படைப்பதற்காகவே தியானம் செய்வது, விறகுக்காகத் தேரைச் செய்வது போலாகும். தியானத்தின் நோக்கம் இறைவனை உணர்தல். ஆக்கத்திறன் அதன் வழியிற் கிடைக்கும் கொடை. கொடை என உணர்ந்தவன் செருக்கடைய மாட்டான்.

ஆலய வழிபாட்டின் நிறைவில் சண்டேசுரரை வணங்கியபின், ஓரிடத்தில் வடக்கு நோக்கி அமர்ந்து திருவைந்தெழுத்தைச் செபித்தே எழுந்து செல்ல வேண்டும் என்பது சைவ விதி. இன்று பலர் விபூதி பெற்றதும் விரைந்து வெளியேறுகின்றனர். பிள்ளைகளோ பாடசாலையிலிருந்து தனியார் வகுப்புக்கும், அங்கிருந்து கைத்தொலைபேசிக்குமாக ஓடுகின்றனர். ஊறுவதற்கு நேரமில்லாத கிணறாக அவர்தம் இளமனம் வற்றுகின்றது. பெற்றோர் தாமும் அமர்ந்து, பிள்ளைகளையும் அருகில் இருத்தி, தினமும் பத்து நிமிடமேனும் அமைதியாக இருக்கப் பழக்குவார்களாயின், அதுவே அவர்கள் பிள்ளைகளுக்குத் தேடிவைக்கும் பெருஞ்செல்வமாகும்.