சனிக்கிழமை தர்றேனுங்க்கா

பிழைக்க வந்த ஊரில் ஒருவரை முதலில் அடையாளம் கண்டுகொள்வது யார்? திருப்பூரைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் ரோட்டோரத்தில் வண்டி போட்டிருப்பவர்தான் என்று எனக்குப் படுகிறது.

பனியன் கம்பெனி வேலைக்கு மதுரை, தேனிப் பக்கமிருந்து வருகிறார்கள். பீகார், ஒடிசாவிலிருந்தும் வருகிறார்கள். நாலைந்து பேர் தங்கும் லைன் வீடு, அதை விட்டால் ஓவர்லாக் மிஷின். பல கம்பெனிகளில் சனிக்கிழமைதான் சம்பளம். வியாழன் வெள்ளியில் கையில் ஒன்றும் இருக்காது. இட்லி வண்டி அக்காவிடம் "சனிக்கிழமை தர்றேனுங்க்கா" என்றால் தட்டு வந்துவிடும். ஆதாரும் கேட்பதில்லை, ஜாமீனும் கேட்பதில்லை. இரண்டு நாள் வராவிட்டால், "அந்த செக்கிங் பொண்ணை எங்க காணோம்?" என்று கூட வருகிறவர்களிடம் விசாரிப்பதும் அவர்தான். அறையில் காய்ச்சலோடு கிடப்பது அப்படித்தான் வெளியே தெரிகிறது. கடனைவிட அந்த விசாரிப்பைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

தெருவில் கடன் மட்டுமல்ல, பேரமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை திருப்பூர் காதர்பேட்டைச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கும் செகண்ட்ஸும் குவிந்திருக்கும். ஐரோப்பாவுக்கென்று தைத்த டீசர்ட்டின் தையலை விரலால் தடவி, குறை சொல்லி, பேரம் பேசி வாங்குபவர்களில் தையல்காரர்களும் உண்டு. வாரமெல்லாம் பிறர் சொன்ன ரேட்டுக்குத் தைத்தவர்கள், அங்கே தாங்களும் ஒரு விலை சொல்கிறார்கள்.

அமெரிக்க நகரங்களைப் பற்றி 1961இல் எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ், தெருவைக் கவனிக்கும் கண்களே தெருவுக்குக் காவல் என்றார். ராத்திரி ஷிப்ட் விட்டு நடந்து வரும் பெண்ணுக்கு டீ வண்டி விளக்கு தரும் தைரியத்தை வேறெப்படிச் சொல்வது?

நடப்பவர்களுக்கும் இடம் வேண்டும். குமரன் ரோட்டில் குழந்தையைக் கைப்பிடித்து நடந்தவர்கள் கோபப்படுவது நியாயமே. அதற்கு வழி, வண்டிகளை அள்ளிக்கொண்டு போவதல்ல. தெருவோர வியாபாரிகளுக்கான 2014ஆம் ஆண்டுச் சட்டம், கணக்கெடுத்துச் சான்று தரும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது. அதன்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றிலொரு பங்கு பெண்கள் என்றும் சொல்கிறது. அந்த நாற்காலிகளில் இட்லி வண்டி அக்காக்கள் உட்கார்ந்து பேச வேண்டும். எந்தக் கம்பெனி எத்தனை மணிக்கு விடும், எந்த முக்கில் கூட்டம் இறங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஊருக்கு வெளியே ஷெட் கட்டி அங்கே போகச் சொன்னால், அரைமணி நேரச் சாப்பாட்டு இடைவேளையில் எந்தத் தொழிலாளி அவ்வளவு தூரம் போய்த் திரும்ப முடியும்?