ஆண்டவருக்குப் பட்டா உண்டு, ஆற்றுக்கு?

சென்னிமலை ஆண்டவரின் திருமஞ்சனத் தண்ணீர் இன்றைக்கும் மாட்டின் முதுகில்தான் மலையேறுகிறது. மேலே போகத் தார்ச்சாலை இருக்கிறது, கோயில் பஸ் ஓடுகிறது. ஆனாலும் அடிவாரத்தில் தண்ணீரை நிரப்பி, முதுகின் இரு பக்கமும் எடை சமமாக இருக்கிறதா என்று பார்த்து, மாட்டை 1320 படிகளில் ஏற்றிவிடுகிறார்கள். இறங்கி வருகிறவர்கள் ஒதுங்கி வழிவிடுகிறார்கள். சிலர் மாட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். 1984 பிப்ரவரி 12 அன்று இரட்டை மாட்டு வண்டி ஒன்று இந்தப் படிகளிலேயே ஏறி மேலே வந்ததாகக் கோயில் வரலாற்றில் பெருமையோடு குறித்து வைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் பார்க்கும் ஒரு பிள்ளை கேட்கக்கூடிய கேள்வி எளிமையானது. சாமி எங்கும் இருக்கிறார் என்றால் இத்தனை படி எதற்கு?

கேள்வி பழையது. கல்லைச் சுற்றி வருவதைச் சிவவாக்கியர் நையாண்டி செய்து தீர்த்தார். திருமூலர் உடம்பையே கோயிலாக்கினார். வேடிக்கை என்னவென்றால், சித்தர்களைக் கொண்டாடாத முருகன் மலை கொங்கு நாட்டில் அரிது. சென்னிமலையிலும் மூலவர் சன்னதிக்குப் பின்னால் மேலே ஏறினால் பின்நாக்குச் சித்தருக்கு ஓர் இடம் இருக்கிறது. கும்பிட வருகிறவர்கள் சித்தரையும் கும்பிட்டு, சிலையையும் கும்பிட்டு, இரண்டுக்கும் நடுவே முரண் எதையும் காணாமல் பஞ்சாமிர்தம் வாங்கிக்கொண்டு இறங்குகிறார்கள்.

சைவ சித்தாந்தத்தில் இதற்கு முறையான பதில் உண்டு. மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் செய்த சிவஞானபோதத்தின் கடைசிச் சூத்திரம், பன்னிரண்டாவது, அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் இறைவன் என்றே கொண்டு தொழச் சொல்கிறது. அதற்கு விளக்கம் சொல்கிறவர்கள் காட்டும் உவமை நெய். எல்லா இடத்திலும் இறைவன் பாலில் நெய் போல மறைந்து நிற்கிறான். அடியாரிடத்திலும் கோயிலிலும் தயிரில் நெய் போல விளங்கி நிற்கிறான். ஆக, இடம் கடவுளை அடைத்து வைப்பதில்லை, நமக்குப் புலப்படுத்துகிறது. நல்ல பதில்தான். ஆனால் அது ஒன்றைச் சொல்லாமல் விடுகிறது. விளங்கி நிற்கும் அந்த இடம் எவ்வளவு பெரியது? கருவறையா, மதில் சுவர் வரைக்குமா, மலை முழுவதுமா? மலையடி ஊரும், ஊரின் கிணறும், பக்கத்தில் ஓடும் ஆறும் அதில் சேர்த்தியா?

சென்னிமலை இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு ஏற்ற ஊர். ஈரோட்டிலிருந்து தென்மேற்கே சுமார் 30 கிலோமீட்டர். பெருந்துறை வட்டத்துப் பேரூராட்சி. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடப்பதால் தென்மேற்குப் பருவக்காற்று காற்றாகவே கடந்து போய்விடும், மழையாக இறங்காது. தெற்கே காங்கேயம் பக்கம் போனால் கிளுவை வேலி போட்ட கொறங்காடுகள், கொழுக்கட்டைப் புல், வெள்வேல மரம், அதன் நிழலில் காங்கேயம் மாடுகள். ஈரோட்டுப் பக்கம் திரும்பினால் கீழ்பவானி வாய்க்கால் பாயும் வயலும் மஞ்சளும். தென்மேற்கே நொய்யல். வெள்ளியங்கிரியில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக வந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் விழும் ஆறு.

அந்த நொய்யல் கரையில் இருக்கிறது கொடுமணல். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று பாடும் ஊர். 1980களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கி, பின்னால் பலமுறை தொடர்ந்த அகழாய்வுகள், இங்கே இரும்பு உருக்கும் உலைகளையும் மணிக்கல் பட்டறைகளையும் தமிழ் பிராமியில் பெயர் கீறிய பானை ஓடுகளையும் வெளியே கொண்டுவந்தன. பச்சைக்கல் பக்கத்துப் படியூரிலிருந்து வந்தது. சூதுபவளம் வெகுதூரத்திலிருந்து வந்தது. தக்களி வட்டுகளும் கிடைத்தன. நூல் நூற்பது இந்த மண்ணுக்கு நேற்று வந்த தொழில் அல்ல.

சென்னிமலையின் தலபுராணமும் இதே கொடுமணலில்தான் தொடங்குகிறது. அங்கே ஒரு வேளாளரின் காராம்பசு தினமும் ஒரே இடத்தில் பாலைச் சொரிந்ததாம். தோண்டிப் பார்த்தால் ஒரு சிலை. முகம் அத்தனை அழகு. இடுப்புக்குக் கீழே வேலைப்பாடு முடியாத கரடு. சரிசெய்யலாம் என்று உளி வைத்தபோது ரத்தம் கசிய, அப்படியே விட்டுவிட்டு மலைமேல் கொண்டுபோய் வைத்தார்கள் என்பது கதை. தலபுராணங்களை வரலாறாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் ஊர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதற்கு அவற்றைவிட நல்ல சாட்சி கிடையாது. மலைமேல் இருப்பவர் ஆற்றங்கரையிலிருந்து போனவர் என்று இந்த ஊரே சொல்கிறது.

படி இறங்கி ஊருக்குள் வந்தால் காதில் விழுவது தறிச் சத்தம். சென்னிமலை என்றால் வெளியூர்க்காரருக்கு முருகனுக்கு அடுத்து நினைவுக்கு வருவது பெட்ஷீட். குழித்தறியில் உட்காருகிறவருக்கு இடுப்புக்குக் கீழே உடம்பு பள்ளத்துக்குள். கால் மிதியை மாற்ற மாற்ற விழுது ஏறி இறங்கும், பாவு பிரிந்து வாய் திறக்கும். கை இழுப்புக்கு நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் பறக்கும். பலகையை இழுத்து அடித்தால் ஓர் ஊடை இழை போய்ச் சேரும். ஒரு போர்வைக்கு இப்படி ஆயிரக்கணக்கான அடி. தார் சுற்றுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள், பாட்டிமார். பார்டரில் ஓர் இழை அறுந்தால் நெய்கிறவருக்குக் கண்ணைவிட முன்னால் காது சொல்லிவிடும்.

செங்குந்தர் மரபில் நெசவும் முருகனும் ஒன்றோடொன்று பின்னியவை. சூரனோடு போரிட்ட வீரபாகு முதலான நவவீரர்களைத் தங்கள் முன்னோர் என்பார்கள். 1904 அக்டோபர் 4 அன்று இந்த ஊரில் ஒரு நெசவாளர் வீட்டில் பிறந்தவர்தான் குமாரசாமி என்ற பெயருள்ள கொடிகாத்த குமரன். 1932 ஜனவரியில் திருப்பூரில் போலீஸ் தடியடியில் மண்டை உடைந்து மறுநாள் இறந்தபோது அவருக்கு வயது 27. அடுத்த தலைமுறையில் பத்மஸ்ரீ எம்.பி. நாச்சிமுத்து போன்றவர்கள், நூலுக்கும் கூலிக்கும் தரகரை நம்பிக் கிடந்த நெசவாளரைக் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரட்டினார்கள். சொசைட்டி நூல் கொடுக்கும், துணியை வாங்கிக்கொள்ளும், தீபாவளிக்கு போனஸ் தரும். சாமிக்கு அடுத்தபடி சொசைட்டியை நம்பிய வீடுகள் இங்கே ஏராளம்.

இப்போது அந்த நம்பிக்கை தேய்ந்திருக்கிறது. 1985இன் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் பெட்ஷீட் கைத்தறிக்கே உரிய ரகங்களில் ஒன்று. சட்டம் இருக்கிறது, விசைத்தறியில் அதே டிசைன் ஓட்டி மலிவாக விற்பதும் இருக்கிறது. அப்பா தறியில், மகன் பெருந்துறை சிப்காட்டிலோ திருப்பூர் பனியன் கம்பெனியிலோ. சிப்காட்டில் அவன் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவர் ஒடிசாக்காரராகவோ பீகார்க்காரராகவோ இருப்பார்.

திருப்பூரின் பனியன் பணம் கொங்கு நாட்டில் தொடாத வீடு இல்லை. அந்தப் பணத்தின் சாயம்தான் நொய்யலில் இறங்கியது. சென்னிமலைக்குத் தென்மேற்கே, கொடுமணலுக்குச் சற்றுத் தள்ளி, பாசனத்துக்கென்று கட்டி 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவுத் தொட்டியாகிப் போனது. தண்ணீரைத் திறந்தாலும் ஆபத்து, தேக்கினாலும் ஆபத்து. சுற்றியிருந்த கிணறுகள் உப்பாயின, தென்னை காய்ப்பு விழுந்தது, மாடு குடிக்க மறுத்தது. நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கத்தின் விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2006இல் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு, 2009இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, கடைசியில் 2011 ஜனவரி 28 அன்று திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் அத்தனையையும் மூடச் சொன்ன உத்தரவு. அதற்குப் பிறகுதான் கழிவே வெளியேறாத சுத்திகரிப்பு என்பது பேச்சிலிருந்து குழாய்க்கு வந்தது.

இதில் நல்லவர், கெட்டவர் என்று கோடு கிழிப்பது சுலபமல்ல. சென்னிமலை போர்வையின் நூலும் எங்கோ ஒரு பட்டறையில் சாயம் ஏறித்தான் வருகிறது. தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துப் படியேறும் கூட்டத்தில் சாயப்பட்டறை முதலாளியும் இருப்பார், அவரிடம் சம்பளம் வாங்குகிறவரும் இருப்பார், அவரால் கிணறு கெட்டவரும் இருப்பார். மூவருக்கும் ஒரே விபூதி. மூவர் வேண்டுதலும் ஒரே சன்னதியில். தயிரில் நெய்யாக அங்கே விளங்கி நிற்பவர், ஐந்தாறு கல் தொலைவில் நுரைத்துக் கிடந்த தண்ணீரில் எப்படி இருந்தார் என்று எந்த உபன்யாசத்திலும் யாரும் கேட்டுக் கேள்விப்பட்டதில்லை.

இந்தியச் சட்டம் இந்த விஷயத்தில் தத்துவத்தைவிடத் தெளிவாகப் பேசுகிறது. கோயில் மூர்த்தி சட்டப்படி ஒரு நபர். 1925இல் லண்டன் பிரிவி கவுன்சில் ஒரு கல்கத்தா வழக்கில் இதை அழுத்தமாகச் சொன்னது. சிலையை எங்கே வைப்பது என்பதில் அந்தச் சாமியின் விருப்பத்தையும் கேட்க வேண்டும், அதற்காக ஒருவரை நியமிக்க வேண்டும் என்கிற அளவுக்குப் போனது. ஆகவே ஒரு மலைமேல் ஆண்டவர் பெயரில் நிலம் இருக்கலாம், பட்டா இருக்கலாம், ஆக்கிரமித்தால் வழக்குப் போடலாம். ஆறு அப்படியல்ல. கங்கையையும் யமுனையையும் உயிருள்ள நபர்கள் என்று உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் 2017 மார்ச்சில் அறிவித்தது. நான்கே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. நொய்யலுக்கு அந்த நான்கு மாதமும் கிடைக்கவில்லை. அதற்காக வழக்காடியவர்கள் ஆயக்கட்டுதாரர்கள், அதாவது தண்ணீரில் பங்குள்ள மனிதர்கள்.

ஒடிசாவின் நியமகிரியில் கதை வேறு மாதிரி நடந்தது. அங்கே பாக்சைட் வெட்ட வந்தபோது, டோங்ரியா கோந்து மக்கள் தங்கள் தெய்வமான நியமராஜா ஒரு கோயிலில் இல்லை, மலை முழுவதுமே அவர்தான் என்றார்கள். உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில், அந்த மத உரிமை பாதிக்கப்படுமா என்று கிராம சபைகளே சொல்லட்டும் என்றது. 12 கிராம சபை கூடியது. 12உம் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை. சாமிக்கு மதில் சுவர் கட்டாத மக்களால்தான் மலையையே காப்பாற்ற முடிந்தது என்பதைக் கோயில் கட்டிய நாம் கொஞ்சம் யோசிக்கலாம்.

இதே மோதலுக்கு வேறோர் ஏற்பாடும் உண்டு. அமெரிக்காவில், வயோமிங் மாநிலத்தின் குரூக் கவுண்டி என்ற ஆள் குறைந்த மேய்ச்சல் பூமியில், டெவில்ஸ் டவர் என்ற பாறைக் கோபுரம் நிற்கிறது. 1906இல் அந்நாடு அறிவித்த முதல் தேசிய நினைவுச்சின்னம். பாறையேறும் விளையாட்டுக்காரர்களுக்கு அது சொர்க்கம். லகோட்டா முதலிய பூர்வகுடிகளுக்குப் புனிதம். 1995இலிருந்து, அவர்கள் சடங்கு செய்யும் ஜூன் மாதம் மட்டும் யாரும் ஏற வேண்டாம் என்று பூங்கா நிர்வாகம் கேட்டுக்கொள்கிறது. கட்டாயமில்லை, வேண்டுகோள்தான். அதற்கே வழக்குப் போட்டார்கள், வழக்கு நிற்கவில்லை. முழுமனதாக யாருக்கும் திருப்தியில்லாத ஏற்பாடு. ஆனால் புனிதம் என்று சொல்கிறவரும், புனிதம் இல்லை என்கிறவரும் ஒரே பாறையைப் பகிர்ந்துகொள்ள ஒரு வழி.

சென்னிமலையிலும் மலை யாருடையது என்ற கேள்வி அண்மையில் வெடித்தது. மலையின் பெயரை மாற்றுவோம் என்று ஒரு கிறித்தவ அமைப்பின் கூட்டத்தில் பேசியதாகச் செய்தி பரவ, 2023 அக்டோபரில் ஊர் கொள்ளாத கூட்டம் வேலும் கொடியுமாகத் திரண்டது. அந்தப் பேச்சு வம்புப் பேச்சு. நூற்றாண்டுகளாக ஒரு மக்கள் கும்பிடும் மலைக்கு வேறு பெயர் சூட்டுவேன் என்பவர் யாராக இருந்தாலும் தவறுதான். கோபமும் இயல்பானது. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. கந்த சஷ்டி கவசத்தைத் தேவராய சுவாமிகள் இங்கேதான் அரங்கேற்றினார் என்று கோயில் மரபு சொல்கிறது. உடம்பின் ஓர் உறுப்பு விடாமல் பேர் சொல்லி, இதைக் காக்க, அதைக் காக்க என்று கேட்கிற பாட்டு அது. அதை மனப்பாடமாகச் சொல்லும் ஊர், தன் தலத்தின் உறுப்புகளை மட்டும் அப்படி எண்ணிப் பார்த்ததில்லை. மலையின் பெயருக்குத் திரண்ட கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அந்த ஆற்றுக்குத் திரண்டிருந்தால், ஆயக்கட்டுதாரர்கள் அத்தனை ஆண்டு கோர்ட்டு வாசலில் நின்றிருக்க வேண்டியதில்லை. புனிதத்தை மேலே மட்டும் வைத்துவிட்டால் கீழே செய்வதற்குக் கணக்குக் கேட்க ஆளில்லை என்பது எல்லா மதத்துக்கும் உள்ள வசதி.

இதற்கு நேர்மாறான ஒன்றும் இதே சென்னிமலை ஒன்றியத்தில் நடக்கிறது. வடமுகம் வெள்ளோட்டில் 77 ஹெக்டேர் ஏரி. 1996இலிருந்து பறவைகள் சரணாலயம், 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. கூழைக்கடாவும் நத்தைகொத்தி நாரையும் வந்து குஞ்சு பொரிக்கும் பருவத்தில் தீபாவளி வருவதால், சுற்றியுள்ள கிராமங்களில் ஆண்டுக்கணக்காக யாரும் பட்டாசு வெடிப்பதில்லை. புதுத்துணி உண்டு, பலகாரம் உண்டு, பிள்ளைகளுக்கு மத்தாப்பு உண்டு, வெடி கிடையாது. எந்தச் சாமியும் உத்தரவு போடவில்லை, எந்தத் தலபுராணமும் கேட்கவில்லை. அதைப் பக்தி என்று சொன்னால் அந்த ஊர்க்காரர்களே சிரிப்பார்கள். அத்தனை தூரம் பறந்து வந்ததை விரட்டுவதா என்பதுதான் அவர்கள் கணக்கு. பன்னிரண்டாம் சூத்திரத்துக்கு உரை எழுதுகிறவர்கள் ஒரு தீபாவளிக்கு வெள்ளோடு வந்து போகலாம். ஆனால் அங்கேயும் எல்லாம் ஒருமித்துப் போய்விடவில்லை. அந்த ஏரிக்குத் தண்ணீர் தரும் கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடுவதா, மண் கரையாகவே விடுவதா என்று விவசாயிகளே இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். கசிவு நின்றால் கடைமடைக்குத் தண்ணீர் சேரும் என்கிறது ஒரு தரப்பு. கிணறு வற்றும், குளம் காயும் என்கிறது மற்றது. இரு தரப்பிலும் சென்னிமலை ஆண்டவரைக் கும்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.