ஈரம் ஓரிடம், ஓட்டை வேறிடம்

தெரியாமல் நேர்ந்த பிழைக்கு மன்னிப்பு உண்டென்பது நாம் அனைவரும் அறிந்ததே. தெரிந்துகொள்ள மனமின்றி இருந்துவிட்டு, பின்னர் 'எமக்குத் தெரியாது' என்று சொல்வோர்க்கும் அம்மன்னிப்பு உண்டா? இவ்வினாவை ஆராய மோட்டார் வண்டியின் அடிப்பாகத்துக்கு வாசகர்களை அழைத்துச் செல்கிறோம். பொறுத்தருள்க, அங்கே கிடைக்கும் பாடம் சிறிதன்று.

மரக்கலத்தைத் திருப்பும் கருவியைச் சுக்கான் என்கிறோம். 'ஸுக்கான்' என்னும் அரபிச் சொல் கடல் வழியே வந்து தமிழாகிவிட்டது. காருக்குச் சுக்கான் அதன் ஸ்டீயரிங். அதைத் திருப்பும் கைக்கு எண்ணெயின் அழுத்தத்தால் வலுவூட்டும் ஏற்பாடே பவர் ஸ்டீயரிங். 1951ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் தன் இம்பீரியல் காரில் இதனை விற்பனைக்குக் கொணர்ந்தது. இன்றைய புதிய கார்கள் பெரும்பாலானவற்றில் மின் மோட்டார் இவ்வேலையைச் செய்கிறது. பழைய கார்களிலும் கனரக வண்டிகளிலும் இன்றும் எண்ணெயே ஏவல் செய்கிறது.

இதன் அமைப்பு எளிது. இஞ்சின் சுழலும்போது பெல்ட் வழியே ஒரு பம்ப் சுழல்கிறது. அது சிறு டப்பாவிலுள்ள ஆயிலை, சதுர அங்குலத்துக்கு 1000 பவுண்டுக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் தள்ளவல்லது. ஆயில் தடித்த ஹோஸ் வழியே ஸ்டீயரிங் ராக்கைச் சேர்ந்து, மற்றொரு ஹோஸ் வழியே டப்பாவுக்கே திரும்புகிறது. ஈண்டு ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். பெட்ரோலைப் போல் எரிந்து தீரும் பொருளன்று இது. மூடிய வட்டத்துள் சுற்றி வருவது. டப்பாவில் அளவு குறைந்தால், எங்கோ கசிகிறது என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை.

எங்கே என்பதுதான் கடினம். மேலே பம்பின் சீலில் கசிந்த ஆயில், உலோகத்தின் மீது ஊர்ந்து, ஓடும் காற்றால் பின்னுக்குத் தள்ளப்பட்டு, தாழ்ந்ததோர் இடத்தில் வந்து சொட்டும். சொட்டும் இடத்தைப் பழிப்பவர் குற்றமற்ற உறுப்பைக் கழற்றுவார். சில வேளை தரையில் ஒரு துளியும் இராது. ராக்கின் உள்சீல் தேய்ந்து, கசிந்ததெல்லாம் அதன் முனையிலுள்ள ரப்பர் உறைக்குள்ளேயே தேங்கியிருக்கும். இன்னும் சில ஹோஸ்கள் வண்டி நிற்கையில் நல்லவை போல் உலர்ந்திருந்து, சக்கரத்தைத் திருப்பி அழுத்தம் ஏறும்போது மட்டுமே கசியும்.

ஆதலின் கைதேர்ந்த மெக்கானிக் முதலில் செய்வது, தேடுவதன்று, துடைப்பது. பழைய அழுக்கையும் எண்ணெயையும் முற்றக் கழுவி உலர்த்தினாலன்றிப் புதிய ஈரம் கண்ணுக்குப் புலப்படாது. பிறகு குறியிட்ட அளவுக்கு ஆயில் நிரப்பி, இஞ்சினை ஓடவிட்டு, ஒருவரைச் சக்கரத்தை இருபுறமும் திருப்பச் சொல்லிவிட்டுத் தாம் விளக்குடன் பார்ப்பார். ஈரம் தோன்றிய இடங்களுள் மிக உயரமானது எதுவோ, அங்கே ஓட்டையைத் தேடுவார். அப்படியும் புலப்படாவிடில், ஆயிலில் ஒளிரும் சாயத்தைக் கலந்து, சில நாள் ஓட்டிய பின் புற ஊதா விளக்கைப் பிடித்துப் பார்ப்பார். ரப்பர் உறையையும் நீக்கிப் பார்ப்பார்.

இத்தனை பாடு எதற்கென்று வாரந்தோறும் டப்பாவில் ஆயில் ஊற்றிக்கொள்வோர் உண்டு. சீலை உப்பச் செய்து கசிவைச் சில காலம் அடக்கும் திரவத்தைச் சேர்ப்போரும் உண்டு. கேட்டால், 'எங்கே கசிகிறதோ, தெரியவில்லை' என்பர். அச்சொல்லில் பொய்யில்லை, ஆயினும் அதனுள் ஓர் ஏய்ப்பு இருக்கிறது. அவர் அறியாதது இடத்தை. கசிவு உண்டென்பதை நன்கறிவார். ஊற்றும் கையே அதற்குச் சாட்சி. மறுமையில் கைகள் பேசும் என்று நம்புகிற நமக்கு அச்சாட்சியின் கனம் தெரியாததன்று. ஆயில் வற்றினால் வளைவில் சுக்கான் கனத்துப்போகும். சூடேறிய சைலன்சர் குழாயில் சொட்டினால் தீப்பற்றவும் கூடும். அவ்வபாயம் ஓட்டுபவரோடு நிற்பதில்லை. சாலையில் நடக்கும் பிள்ளைக்கும் அதில் பங்குண்டு.

அவ்வண்டியை ஒருவர் விற்க நினைக்கிறார் என்று கொள்வோம். விற்கும் நாள் காலையில் டப்பாவை நிரப்பி, அடிப்பாகத்தைத் துடைத்து நிறுத்துகிறார். மெக்கானிக் குறையைக் காணத் துடைத்தார். இவர் குறையை மறைக்கத் துடைக்கிறார். செயல் ஒன்றே, நிய்யத்து வேறு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்ட நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மழை நனைத்தது என்றார் வணிகர். மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று வினவிய நாயகம் (ஸல்), ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். நனைத்தது மழை, அடியில் வைத்தது மனிதர். கேள்வி மழையைப் பற்றி எழவில்லை.

'எக்குறைக்கும் நான் பொறுப்பல்லேன்' என்று நிபந்தனையிட்டு விற்றால் தப்பலாமா? இமாம் நவவி (ரஹ், மறைவு ஹிஜ்ரி 676, கி.பி. 1277) தம் மின்ஹாஜில் தரும் வலுவான கருத்துப்படி, உயிர்ப் பிராணியில் மறைந்திருந்து, விற்பவர் அறியாதிருந்த குறைக்கு மட்டுமே அந்நிபந்தனை காப்பளிக்கும். பிராணி நோயிலும் இரை தின்னும். அதன் உள்நோய் உடையவர் கண்ணுக்கும் தப்பக்கூடும் என்பதே காரணம். திறந்து பார்க்கத்தக்க உயிரற்ற பொருளுக்கு அச்சலுகை இல்லை. ஹனஃபி மத்ஹபில் இந்நிபந்தனைக்கு இடம் அகலமானது. எனினும் தெரிந்தே மறைப்பது அங்கும் பாவமே.

அப்படியாயின் ஒவ்வொருவரும் இயந்திரத்தைப் பிரித்தறிந்த பிறகே விற்க வேண்டுமா என்று கேட்கலாம். மார்க்கம் சக்திக்கு மீறிய சுமையை ஏற்றுவதில்லை. 'ஆயில் குறைகிறது, இடம் தெரியவில்லை' என்னும் இரு சொற்றொடர்கள் போதும். நோயின் பெயர் தெரியாதவரும் அதன் அறிகுறியைச் சொல்லக் கடமைப்பட்டவரே.

வண்டிக்குச் சொன்னது உள்ளத்துக்கும் பொருந்தும். கடையில் பட்ட அவமானம் வீட்டில் மனைவி மக்கள் மீது கோபமாகச் சொட்டுகிறது. அந்தக் கோபத்தை மட்டும் துடைத்துவிட்டு நிம்மதி கொள்கிறோம். ஓய்வில் உலர்ந்திருக்கும் குணம் அழுத்தம் ஏறும்போதே கசிகிறது. ஆகவே அமைதியான வேளையில் நம்மை நாமே மெச்சிக்கொள்வது சோதனையாகாது. இத்தன்னாய்வை முஹாஸபா என்பர். ஹாரிஸ் அல்முஹாஸிபி (ரஹ், மறைவு ஹிஜ்ரி 243, கி.பி. 857) அவர்களுக்குப் பெயரே அதனால் வந்தது. இமாம் கஸ்ஸாலி (ரஹ், மறைவு ஹிஜ்ரி 505, கி.பி. 1111) தம் இஹ்யாவில், தன் குறையை அறிய நான்கு வழிகள் காட்டுகிறார்: தேர்ந்த ஆசான், உண்மை நண்பர், பகைவரின் நா, மக்களோடு பழகிப் பிறர் குறையில் தன் குறையைக் காணல். நான்குக்கும் பிறர் வேண்டும். சக்கரத்தைத் திருப்புபவரே கீழே குனிந்து பார்க்கவும் இயலாதன்றோ!

ஆகவே நம் வினாவுக்கு விடை இது: அடையாளம் ஏதும் வந்து சேராதவனுக்கு அறியாமை மன்னிப்பாகும். டப்பா குறைவதைக் கண்டும் கண்டும் நிரப்பிக்கொண்டிருப்பவனுக்கு அது மன்னிப்பாகாது. அவன் கணக்கில் அதுவும் ஒரு குற்றமாகவே எழுதப்படும். அல்லாஹ் நம் குறைகளை நமக்குக் காட்டியருள்வானாக. காட்டியபின் கண்மூடும் துணிவை நமக்குத் தராதிருப்பானாக.