ஸ்வாமி உருவம் தாங்கிய கரண்டி

திருவாராதனத்தில் வட்டில்களிலிருந்து தீர்த்தம் எடுத்து எம்பெருமானுக்கு ஸமர்ப்பிக்கும் வெள்ளி உத்தரணி எவர் உதட்டிலும் படுவதில்லை. ஸேவார்த்திகள் உள்ளங்கையிலேயே தீர்த்தம் பெறுகின்றனர். ஆங்கிலேயர் காலத்தில் வேறுவகைக் கரண்டிகளும் தோன்றின. காம்பில் தெய்வ உருவங்கள் அமைந்த அவற்றை ‘ஸ்வாமி வேலை’ என்றனர். சென்னை பி. ஆர் அண்டு ஸன்ஸ் நிறுவனம் இதற்குப் பெயர்பெற்றது. 1875-76-இல் இந்தியா வந்த வேல்ஸ் இளவரசருக்கு இவ்வேலைப்பாடுள்ள வெள்ளித் தேநீர்ப் பாத்திரங்கள் பரிசாகச் சென்றன.

இத்தகைய பழங்கரண்டிகளைச் சேகரிக்கும் ஆற்காட்டு அன்பர் ஒருவர், பெருமாள் உருவமுள்ள ஒன்றைத் தீர்த்த உத்தரணியாக ஸமர்ப்பிக்கலாமா என வினவினார்.

ப்ரதிஷ்டையும் ஆவாஹனமும் இல்லாத உருவம் அர்ச்சை அன்று, வாங்குவதில் அபசாரமில்லை. ஆயினும் சங்கு சக்கரம் தரித்த உருவைப் பிடித்துத் தேநீர் கலக்கி வாயிலிடுவதற்கு அடியேன் மனம் ஒப்பாது. கண்ணாடிப் பேழையில் வைத்தவர் அதனை எச்சிலினின்று மீட்டவரே. ஆனால் பிறர் வாய்பட்ட பாத்திரம் ஸந்நிதிக்கு ஆகுமோ? சாம்பலும் புளியும் அழுக்கைத்தான் போக்கும். உருக்கி வார்த்தால் தோஷம் நீங்கும்; ஆனால் பெயரறியாத தட்டார் ஒருவர் கண்வலிக்கச் செதுக்கிய திருவுருவமும் உடன் அழியும். அதற்கு அடியேன் உடன்படவில்லை. கரண்டி அவரிடமே இருக்கட்டும். உத்தரணிக்கு வேண்டிய புது வெள்ளி ஆற்காட்டுக் கடைவீதியிலேயே கிடைக்கிறது.